கதை நேரம் முதல் விதைப் பெட்டி வரை: நூலக நிகழ்ச்சிகள் பற்றிய கேள்வி – பதில்

பொது நூலகங்களில் கட்டணமில்லாமல் நடக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பெற்றோர், தன்னார்வலர்கள், நூலகர்கள் எனப் பலரும் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: நூலக நிகழ்ச்சிக்குப் போக உறுப்பினர் அட்டை வேண்டுமா? ‘இலவசம்’ என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே போனபின் எதையாவது வாங்கச் சொல்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டாம். பொது நூலகத்தின் சேவை கொள்கையளவில் கட்டணமற்றதாக இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை சொல்கிறது. 1949-ல் முதலில் வெளியான அந்த அறிக்கை பலமுறை திருத்தப்பட்டு, கடைசியாக 2022-ல் புதுப்பிக்கப்பட்டது. நிகழ்ச்சியில் உட்கார்ந்து கேட்க அட்டை தேவையில்லை என்பதுதான் பெரும்பாலான நூலகங்களின் வழக்கம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகவும், சில இடங்களில் கணினியில் உட்காரவும் மட்டும் அட்டை கேட்பார்கள். இடம் குறைவாக உள்ள வகுப்புகளுக்குப் பெயர் பதிய வேண்டியிருக்கும். அறிவிப்பில் மூன்றைப் பாருங்கள்: எந்த வயதினருக்கு, முன்பதிவு உண்டா, எதைக் கையோடு கொண்டுவர வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் நூலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் வாரம் ஒருமுறை குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்து ஓடுகிறார்கள். என் குரலில் குறையா, கதையில் குறையா?

பெரும்பாலும் இரண்டிலும் குறை இருக்காது. உட்காரும் இடத்தையும் வயதுக் கலப்பையும் முதலில் பாருங்கள்.

சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து படிக்கிறீர்களா? அப்படியானால் குழந்தைகள் கண்ணில் வெளிச்சம் அடிக்கும், உங்கள் முகமும் புத்தகமும் கறுப்பாகத் தெரியும். வழவழப்பான தாளில் விளக்கொளி பட்டு மின்னினாலும் படம் மறைந்துவிடும். குழந்தைகள் உட்காரும் இடத்தில், அவர்கள் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை பாருங்கள். வாசலுக்கு எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி நீங்கள் உட்கார்ந்தால், உள்ளே வருபவர்களும் போகிறவர்களும் குழந்தைகளின் முதுகுப்பக்கம் போய்விடுவார்கள். பாயை அரைவட்டமாக விரியுங்கள். கடைசிக் குழந்தை புத்தகத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சாதாரண அளவுப் படப் புத்தகத்தில் முகபாவம் தெரியாது.

அடுத்தது வயது. மூன்று வயதுக் குழந்தையையும் எட்டு வயதுக் குழந்தையையும் ஒரே கதையில் பிடித்துவைக்க முடியாது. இரண்டு வயதுக்குள் என்றால் பெற்றோர் மடியில் வைத்துக்கொண்டு 15 முதல் 20 நிமிடம், அதிலும் பாட்டும் கைத்தட்டலும்தான் அதிகம். மூன்று முதல் ஐந்து வயதுக்கு 30 நிமிடம். ஆறு வயதுக்கு மேல் 45 நிமிடம் வரை தாங்கும். பிரித்து நடத்த ஆள் இல்லையென்றால் சின்னவர்களுக்கு முதல் அரைமணியும் பெரியவர்களுக்கு அடுத்த முக்கால் மணியும் கொடுங்கள்.

30 நிமிடத்துக்கு இரண்டு புத்தகம் போதும், மூன்றாவதைக் கையிருப்பாக வையுங்கள். நீளமானதை முதலில் படியுங்கள். பொறுமை அப்போதுதான் நிறைய இருக்கும். படப் புத்தகங்களில் பல 32 பக்கம் கொண்டவை. பெரிய தாளை மடித்து அச்சிடும் முறையால் அந்தக் கணக்கு வந்தது. நிறுத்திப் படித்தால் ஒரு புத்தகம் எட்டுப் பத்து நிமிடம் ஓடும். ஒரு பக்கத்தில் நான்கு வரிக்கு மேல் இருந்தால், படத்தைக் காட்டிக்கொண்டு படிக்கிற அமர்வுக்கு அது பொருந்தாது. இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் எழுந்து நின்று ஆடும் பாட்டு ஒன்று வேண்டும். அதை ஒவ்வொரு வாரமும் மாற்றாதீர்கள். தெரிந்த பாட்டு வந்ததும் ஓடிப்போன குழந்தை திரும்பி வரும்.

படிக்கும் விதத்துக்கு நல்ல முறை ஒன்று இருக்கிறது. 1988-ல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் வெறுமனே வாசித்துக்காட்டாமல் கேள்வி கேட்டு, பதிலை வளர்த்துப் படித்தபோது, ஒரு மாதத்திலேயே குழந்தைகளின் பேச்சுமொழி, வழக்கம்போல் வாசித்துக்காட்டிய மற்ற குழுவைவிட முன்னேறியிருந்தது. அதை இப்படிச் செய்யலாம். படத்தைக் காட்டி “இது என்ன பண்ணுது?” என்று கேளுங்கள். “பூனை” என்று ஒரு குழந்தை சொன்னால், “ஆமா, பூனை. மரத்து மேல ஏறுற பூனை” என்று ஒரு துளி சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு அந்த முழு வரியையும் குழந்தைகள் வாயால் சொல்லவையுங்கள். எல்லாப் பக்கத்திலும் இதைச் செய்தால் கதை அறுந்துபோகும். நான்கைந்து இடங்களில் போதும். அந்தப் பக்கங்களில் முன்கூட்டியே சிறு காகிதம் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் அதே கதையின் பிரதியோ, அதே ஓவியர் வரைந்த வேறு புத்தகங்களோ பத்து, அட்டை முகம் தெரியும்படி தாழ்வான மேசையில் பரப்பியிருக்க வேண்டும். 1931-ல் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்கிறது. கதை நேரத்தை நூலகத்தில் வைப்பதன் காரணமே அதுதான். கதை கேட்ட குழந்தை ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்காமல் வீட்டுக்குப் போனால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

கேள்வி: குழந்தைகள் நிகழ்ச்சியைப் படம் எடுத்து நூலகப் பக்கத்தில் போடலாமா?

பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இருந்தால் போடலாம். பதிவுத் தாளிலேயே ‘படம் எடுக்கச் சம்மதம்: ஆம் / இல்லை’ என்று ஒரு வரி சேருங்கள். ‘இல்லை’ என்றவர்களின் குழந்தைகளுக்குச் சட்டையில் வண்ண ஒட்டி ஒன்று ஒட்டினால் படமெடுப்பவருக்குத் தெரியும். இன்னும் எளிதான வழி, குழந்தைகளின் முதுகுப் பக்கமிருந்து, கதைசொல்லியின் முகம் தெரிய எடுப்பது. பெயரையும் பள்ளியையும் படத்தோடு போடவே கூடாது. இன்னொன்று: புத்தகத்தை முழுதாகப் படிப்பதை வீடியோ எடுத்து இணையத்தில் போட பதிப்பாளரின் அனுமதி தேவை. அறைக்குள் படித்துக்காட்டுவது வேறு, பதிவுசெய்து பரப்புவது வேறு.

கேள்வி: இலவசப் பயிலரங்குக்கு 40 பேர் பதிந்தார்கள், 15 பேர் வந்தார்கள். அடுத்த முறை சிறு கட்டணம் வைத்துவிடலாமா?

வேண்டாம். கட்டணம் வைத்தால், வராமல் போகிறவர்களோடு சேர்த்து, வரவே முடியாதவர்களையும் வெளியே நிறுத்திவிடுவீர்கள். நூலகத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவர்கள் அவர்கள்தான்.

ஒரு மாதம் முன்பே பதிவைத் திறந்தால் ஆர்வத்தில் பெயர் கொடுத்தவர்கள் மறந்துபோவார்கள். பத்து நாள் முன்பு திறந்தால் போதும். இரண்டு நாள் முன்பு ஒரு செய்தி, அன்று காலை ஒரு செய்தி அனுப்புங்கள். முதல் செய்தியில் ‘வர இயலாவிட்டால் “இல்லை” என்று ஒரு சொல் அனுப்புங்கள், காத்திருப்பவருக்கு இடம் கிடைக்கும்’ என்று சேருங்கள். விலகுவதற்கு எளிய வழி இல்லாததால்தான் பலர் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள்.

20 பேருக்கான அறை என்றால் 26 பேர்வரை பதியலாம். ஆனால் ஆளுக்கு ஒரு கருவியோ பொருளோ தரவேண்டிய வகுப்பில் இப்படிக் கூட்டிப் பதியாதீர்கள். எல்லாரும் வந்துவிட்டால் யார் கையை வெறுமையாக வைப்பது? நாற்காலியும் பதிந்தவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் போட்டு, மீதியைச் சுவரோரம் அடுக்கிவையுங்கள். 15 பேர் 40 நாற்காலிக்கு நடுவில் சிதறி உட்கார்ந்தால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் அறை காலியாகவே தோன்றும்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார். நன்கு படித்தவர், வயதிலும் மூத்தவர். எப்படித் தடுப்பது?

அவரை எங்கே உட்காரவைக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். நெறியாளருக்கு நேர் எதிரே உட்காருபவரோடு அடிக்கடி கண் சந்திக்கும், சந்திக்கும்போதெல்லாம் ‘பேசுங்கள்’ என்று அழைப்பது போலாகிவிடும். உங்களுக்குப் பக்கத்து நாற்காலியை அவருக்குக் கொடுங்கள். மரியாதையும் குறையாது, பேச்சும் தானாகக் குறையும்.

முதல் சுற்று எப்போதும் வட்டமாகச் செல்லட்டும், ஆளுக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் கருத்து கேட்காதீர்கள். “எந்தப் பக்கத்தில் நின்றீர்கள்? பக்க எண்ணைச் சொல்லி இரண்டு வரி படியுங்கள்” என்று கேளுங்கள். கூச்சப்படுபவரும் இரண்டு வரி படித்துவிடுவார். ஒருமுறை குரல் வெளியே வந்துவிட்டால் அடுத்த முறை பேசுவது எளிது. “புத்தகம் பிடித்ததா?” என்ற கேள்விக்கு ‘பிடித்தது’ என்பதற்கு மேல் பதில் வராது. “இந்தப் பாத்திரம் வீட்டை விட்டுப் போகாமல் இருந்திருந்தால்?” போன்ற கேள்விகள் ஐந்தாறு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் அவர் நீட்டினால், மூச்சு வாங்கும் இடத்தில் அவர் பெயரைச் சொல்லியே நுழையுங்கள்: “ஐயா சொன்ன அந்த முடிவைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?” அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் புண்படமாட்டார். இரண்டு கூட்டத்துக்கு ஒருமுறை ஆசிரியர் அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம் அவருக்கே ஒதுக்கிப் பாருங்கள். பேச இடம் நிச்சயம் என்று தெரிந்தவர் மற்ற நேரத்தில் அவசரப்படுவதில்லை.

வட்டத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர் நல்ல எண்ணிக்கை. ஆறுக்குக் கீழே போனால் இருவர் வராத நாளில் கூட்டம் நின்றுவிடும். பதினைந்தைத் தாண்டினால் சிலருக்கு வாயே திறக்க முடியாது. பல வட்டங்கள் சாவது பேச்சால் அல்ல, பிரதி இல்லாததால். ஒரு பிரதி மட்டுமே உள்ள 500 பக்க நாவலைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த மாதம் யாரும் படிக்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. தேர்ந்தெடுக்கும் முன் நூலகரிடம் கேளுங்கள்: எத்தனை பிரதி, கிளை நூலகங்களிலிருந்து எத்தனை வரவழைக்கலாம், எத்தனை நாள் ஆகும்? மூன்று பிரதிக்குக் கீழே என்றால் சிறுகதைக்கு மாறுங்கள். ஒரு கதையை வாசிப்பறையிலேயே இருபது நிமிடத்தில் படித்துவிட்டு எல்லாரும் பேசலாம்.

கேள்வி: நூலகத்தில் முதியோருக்கு இலவசக் கணினி வகுப்பு எடுக்கிறேன். மூன்றாவது வாரத்திலும் மவுஸைப் பிடிக்கத் தடுமாறுகிறார்கள். சொல்லித்தருவதில் எங்கே தவறு?

கையைக் கவனித்தீர்களா? முதல் சொடுக்குக்கும் இரண்டாவது சொடுக்குக்கும் நடுவில் மவுஸ் அரை விரல் நகர்ந்துவிடும். கோப்பு திறக்காது, அல்லது இழுபட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். அவரோ தனக்குக் கணினியே வராது என்று முடிவு கட்டிவிடுவார். இது புரியாமையால் வருவதல்ல, கை நடுக்கத்தால் வருவது. மவுஸ் அமைப்பில் இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் கடைசிவரை குறையுங்கள், சுட்டியின் அளவைப் பெரிதாக்குங்கள், நகரும் வேகத்தையும் குறையுங்கள். இரட்டைச் சொடுக்கே வேண்டாம் என்றும் வைக்கலாம். ஒருமுறை சொடுக்கித் தேர்ந்தெடுத்துவிட்டு விசைப்பலகையில் என்டர் தட்டினால் அதே வேலை நடக்கும். திரை எழுத்தை 125 அல்லது 150 சதவீதத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குங்கள்.

உங்கள் கை அவர்கள் மவுஸின் மேல் போகக்கூடாது. “இப்படித்தான்” என்று நீங்கள் செய்துகாட்டும் நான்கு நொடியில் திரையில் என்ன நடந்தது என்றே அவர்களுக்குத் தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சொல்லுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

ஆறு பேருக்கு இரண்டு தன்னார்வலர் தேவை. ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு வேலை: இன்று மின்னஞ்சலில் ஒரு படத்தை இணைத்து அனுப்புவது, அவ்வளவுதான். 75 நிமிடத்துக்கு மேல் கண்ணும் கழுத்தும் தாங்காது. செய்த படிகளை 18 புள்ளி எழுத்தில் ஒரே தாளில் அச்சிட்டு, ஓரத்தில் அவர்களே எழுத இடம் விட்டுக் கொடுங்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். “நீங்களே போட்டுக்கொடுங்கள்” என்று சொல்லிச் சீட்டை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். திரும்பி நின்றுகொள்ளுங்கள், அவர்களே தட்டட்டும். கணக்கு திறக்கும் வகுப்பென்றால் கைபேசியை மின்னேற்றிக் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே தெரிவியுங்கள். ஓடிபி வராமல் பாதி வகுப்பு வீணாவது அடிக்கடி நடக்கிறது. நூலகக் கணினி பொதுக் கணினி என்பதால் வங்கி வேலையை அதில் சொல்லித்தர வேண்டாம். முடிக்கும்போது கணக்கிலிருந்து வெளியேறினால் மட்டும் போதாது. பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அச்செடுப்பதற்காக இறக்கிய அடையாள அட்டை நகல், மருத்துவ அறிக்கை எல்லாம் அங்கேயே கிடக்கும். அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

கேள்வி: சொந்தப் பணத்தில் வாங்கிய திரைப்பட டிவிடியை நூலக அரங்கில் இலவசமாகப் போட்டுக்காட்டலாமா?

பெரும்பாலான நாடுகளில் முடியாது. டிவிடி உங்களுடையது, பலர் முன் திரையிடும் உரிமை உங்களுடையது அல்ல. கட்டணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் இது மாறிவிடாது. மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் தளங்களும் பொதுவாகத் தனிப்பட்ட பார்வைக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. படத்தின் பெயர், தேதி, இடம், எத்தனை பேர், கட்டணமில்லை என்பதைக் குறிப்பிட்டு விநியோகஸ்தருக்கோ தயாரிப்பாளருக்கோ எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். குறும்பட, ஆவணப்பட இயக்குநர்களைக் கேட்டுப்பாருங்கள், பலர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள், நேரில் வந்து பேசவும் செய்வார்கள். பழைய மௌனப்படம் என்றாலும் கவனம் தேவை. படத்தின் பதிப்புரிமை முடிந்திருக்கலாம், புதிதாகச் சேர்த்த இசைக்கு உரிமை இருக்கலாம்.

கேள்வி: உடைந்த பொருள்களைப் பழுதுபார்க்கும் முகாமை நூலகத்தில் நடத்த ஆசை. நூலகத்துக்கும் இதற்கும் பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினா போஸ்ட்மா முதல் பழுதுபார்ப்பு முகாமை நடத்தினார். பிறகு பல நாடுகளில் நூலகங்களும் இதைக் கையிலெடுத்தன. பொருளைக் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது, உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஒரே விதியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தையல், சைக்கிள், பொம்மை, மேசை விளக்கு ஆகியவற்றோடு தொடங்கலாம். நின்றுபோன பொம்மைகளில் அடிக்கடி காண்பது, பேட்டரிப் பெட்டியின் கம்பிச்சுருளில் படிந்த வெள்ளைப் பூச்சு. கசிந்த ஆல்கலைன் பேட்டரியின் உப்பு அது. கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்துத் தேயுங்கள். லேசாக நுரைத்துக் கரையும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போட்டால் பல பொம்மைகள் ஓடிவிடும். விளக்கு எரியாவிட்டால் பிளக்கை ஒட்டி வயர் வளையும் இடத்தைப் பாருங்கள், உள்ளே அறுந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும். பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சி, உப்பிய லித்தியம் பேட்டரி ஆகியவற்றையும் வாசலிலேயே மறுத்துவிடுங்கள். மின்பொருள் மேசைக்குத் தகுதியுள்ள மின்பணியாளர் இல்லாத நாளில் அந்த மேசையைப் போடாதீர்கள். பக்கத்திலேயே தையல், மரவேலை, சைக்கிள் நூல்கள் அடங்கிய தள்ளுவண்டி ஒன்று நிற்கட்டும். காத்திருப்பவர்கள் புரட்டுவார்கள்.

கேள்வி: விதைப் பரிமாற்றப் பெட்டி வைத்தோம். எடுத்துப்போனவர்கள் விதைத்தார்கள், விளைந்தது. திருப்பிக் கொடுத்த விதையில் மட்டும் தாய்ச்செடியின் குணமே இல்லை. ஏன்?

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கடையில் வாங்கிய ஒட்டுவிதையாக (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ஹைப்ரிட் விதையாக) இருந்தால் அடுத்த தலைமுறை கலந்துகட்டித்தான் வரும். அல்லது பூசணி வகையாக இருக்கும். அதன் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி என்பதால், தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். புதியவர்களுக்குத் தக்காளி, தட்டைப்பயறு போலப் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடிகளை மட்டும் கொடுங்கள். பூசணியையும் வெள்ளரியையும் அனுபவமுள்ளவர்கள் தட்டில் வையுங்கள்.

ஈரம் போகக் காயவைத்த விதையைக் காகித உறையிலிட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் குளிர்ந்த இருட்டிடத்தில் வையுங்கள். உறையில் செடியின் பெயர், அறுவடை செய்த மாதமும் ஆண்டும், ஒட்டுவிதையா நாட்டுவிதையா என்ற மூன்றும் இல்லாவிட்டால் வாங்கவேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையிலும் பத்து விதையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி, ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். ஐந்துக்குக் கீழே முளைத்தால் அந்த உறையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் குரல் பெரிது, மைக் இல்லாமலே பேசிவிடுவேன். ஆனால் நூலகர் மைக்கைக் கையில் திணிக்கிறார்.

வாங்கிக்கொள்ளுங்கள். சத்தமாகப் பேசினால் உயிரெழுத்துதான் ஓங்கும், மெய்யெழுத்து கரைந்துபோகும். காது மந்தமானவர்களுக்கு முதலில் விட்டுப்போவது அந்த மெய்யெழுத்துதான். “கேட்கிறதா?” என்று கேட்டால் கேட்காதவர் கையைத் தூக்கமாட்டார். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். கூட்டத்திலிருந்து கேள்வி வந்தால், பதிலுக்கு முன் அந்தக் கேள்வியை மைக்கில் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள்.

கேள்வி: நிகழ்ச்சி நடக்கும்போது படிக்க வருபவர்கள் சத்தம் தாங்கவில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

நியாயம்தான். அதனால் வாரத்தின் ஒரே நாள், ஒரே நேரம் என்று நிலையாக வையுங்கள். தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்த்துத் திட்டமிட்டுக்கொள்வார்கள். ‘இன்று 11 முதல் 11.45 வரை கதை நேரம்’ என்ற பலகை அவர்கள் உட்காரும் மேசையிலேயே இருக்கட்டும், வாசலில் இருந்தால் கண்ணில் படாது. தனியறை இல்லாவிட்டால் புத்தகம் நிறைந்த உயர அலமாரிக்குப் பின்னால் நடத்துங்கள், தரையில் கனமான பாய் விரியுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பேச்சைவிட நாற்காலி இழுபடும் ஒலிதான் படிப்பவரை அதிகம் உலுக்குகிறது.